பசிக்கு ஒரு மகமை

மதுரையில் சிறு கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மார்ச் மாதம் ஆண்டுக் கணக்கை முடிக்கும் நாட்களில், எதிர்பார்த்ததைவிட லாபம் சற்றுக் கூடுதலாக நின்றிருப்பதைப் பார்க்கும் கடைக்காரர்கள், ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தாமாகவே பேச்செடுப்பதுண்டு. ஓட்டல் நடத்துபவராக இருந்தால் அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: "ராத்திரி மிஞ்சுற சாப்பாட்டை யாருக்காவது கொடுத்துடலாமா சார்?" நல்ல மனத்தோடு கேட்கப்படும் கேள்விதான். ஆனால் உள்ளூர் வியாபாரம் பசிக்குச் செய்யக்கூடிய உதவிகளுள் மிகக் குறைந்த பலன் தருவது இதுவே என்று பல கடைகளின் கணக்கைப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுகிறது. சாப்பாடு மிஞ்சுவது இரவு பத்தரைக்கு. பசிப்பது மதியம் ஒரு மணிக்கும் மாலை ஏழரைக்கும். என்ன மிஞ்சும், எவ்வளவு மிஞ்சும், மிஞ்சுமா மிஞ்சாதா என்பதெல்லாம் அன்றைய வியாபாரத்தைப் பொறுத்தது. நன்றாக வியாபாரம் நடந்த நாளில் ஒன்றுமே மிஞ்சாது. அன்றைக்கு நம்மை நம்பி நின்றவர் வெறும் வயிற்றோடு படுப்பார்.

முதலில், யார் பசியோடு இருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில் பசி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 2011 ஜூன் மாதம் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்கள் மற்ற மாநகராட்சிகளுக்கும் வந்தன. ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம் என்ற விலை பல லட்சம் பேரின் அன்றாடத்தைத் தாங்கியிருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டே மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. இவ்வளவும் இருப்பதால்தான் நம்மூரில் பசி பஞ்ச காலத்துப் பசியாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது இந்த ஏற்பாடுகளின் இடுக்குகளில் ஒளிந்திருக்கிறது.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனி, திண்டுக்கல் எனப் பல மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். நோயாளிக்கு மருத்துவமனையே உணவு தருகிறது. துணைக்கு வந்த மனைவிக்கோ, தாய்க்கோ, பதினாறு வயதுப் பையனுக்கோ அந்தக் கணக்கில் இடம் இல்லை. அவர்கள் வீட்டில் ரேஷன் அரிசி ஒரு மூட்டை இருக்கலாம். பரமக்குடியில் இருக்கும் அரிசி, மருத்துவமனை இருக்கும் பனகல் சாலையில் சோறாகாது. கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருப்பதால் வருமானமும் நின்றிருக்கும். முதல் இரண்டு நாள் கைக்காசில் ஓடும், மூன்றாம் நாளிலிருந்து ஒரு வேளை டீயும் பன்னும் ஆகும், பிறகு நோயாளியின் தட்டில் மிஞ்சுவதைத் தின்று நாளைக் கடத்துவார்கள். இதேபோல, அடுப்பும் வாடகை அறையும் இல்லாமல் கடைத் திண்ணையிலோ பேருந்து நிலையத்திலோ படுப்பவருக்கு இலவச அரிசியால் பயன் இல்லை. தனியாக வாழும் முதியவர், மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகையில் மருந்து வாங்கியது போக மீதியைக் கொண்டு எரிவாயு சிலிண்டர் வாங்க முடியாமல், ஒரு நாள் வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் வைத்துச் சாப்பிடுகிறார். வட மாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவருக்கு அட்டை சொந்த ஊரில் இருக்கிறது. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்தும், அந்த அட்டையை வைத்து இங்கே எந்தக் கடையில் வாங்கலாம் என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

அரிசி கிடைக்கும் வீட்டிலும் தட்டில் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது; ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறார். இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. ஆனாலும் வயிறு சோற்றால் நிறைந்து, பருப்பும் கீரையும் முட்டையும் இல்லாத தட்டுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

இந்த இடுக்குகளை அடைக்க அரசைவிடப் பக்கத்துக் கடைக்காரருக்கு வசதி அதிகம் என்பது என் நம்பிக்கை. மருத்துவமனை வாசலில் மூன்று நாளாக நிற்கும் அம்மாவின் முகம் எதிர்க்கடைக்காரருக்குத் தெரியும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அதை விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

மருத்துவமனைப் பகுதியில் நான் கணக்குப் பார்க்கும் மெஸ் ஒன்றை ஓர் அக்கா நடத்துகிறார். மதியச் சாப்பாடு 80 ரூபாய். அந்த 80 ரூபாயில் கடை வாடகை, மாஸ்டர் சம்பளம், பரிமாறுபவர்கள் சம்பளம், பாத்திரம் கழுவும் பெண்ணின் கூலி, மின்சாரம், வாங்கிய கடனுக்கு வட்டி எல்லாம் அடங்கும். இவையெல்லாம் நூறு பேர் சாப்பிட்டாலும் நூற்றுப் பதினைந்து பேர் சாப்பிட்டாலும் மாறாத செலவுகள். கூடுதலாகப் பதினைந்து பேருக்குச் சமைக்க ஆவது அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய், கொஞ்சம் எரிவாயு; தலைக்குச் சுமார் 30 ரூபாய். இதே பதினைந்து பேருக்கு ஓர் அறக்கட்டளை புதிதாகச் சமைத்துப் போட வேண்டுமானால் இடம் பிடித்து, அண்டா வாங்கி, சமையல்காரருக்குச் சம்பளம் கொடுத்து, வண்டி வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஒரு சாப்பாட்டின் அடக்கம் எங்கேயோ போய்விடும். ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் அடுப்பை வைத்திருப்பவர் மிகக் குறைந்த செலவில் பசியாற்ற முடியும். வியாபாரியிடம் உள்ள உண்மையான செல்வம் இந்த அடுப்புதான். மிச்சச் சோற்றை மட்டும் கேட்டு வாங்கும்போது இந்தச் செல்வத்தை நாம் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறோம்.

அந்த அக்கா செய்வது இதுதான். தினமும் காலையில் பேரேட்டைத் திறந்ததும் முதல் வரியில் "டோக்கன் 15" என்று எழுதி, அதற்கான தொகையைச் செலவில் ஏற்றிவிடுவார். பிறகுதான் அரிசி அளப்பார்கள். அளக்கும்போதே அந்தப் பதினைந்து பேருக்கும் சேர்த்து அளப்பார்கள். டோக்கன்களை மருத்துவமனைச் செவிலியர் ஒருவரிடம் முதல் நாளே கொடுத்துவிடுகிறார்கள். எந்த வார்டில் யார் சாப்பிடாமல் இருக்கிறார் என்பது செவிலியருக்குத் தெரியும். கடைக்காரர் யாரையும் விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த டோக்கன் கல்லாவில் காசு கொடுத்து வாங்கும் அதே மஞ்சள் பிளாஸ்டிக் டோக்கன். அதைக் கொண்டுவருபவர் மற்றவர்களோடு அதே பெஞ்சில் உட்காருகிறார்; அதே இலை, அதே பொரியல். பரிமாறும் பையனுக்கு யார் காசு கொடுத்தவர், யார் கொடுக்காதவர் என்பது தெரியாது. ஒருமுறை வயதான ஒரு பெண்மணி முதல் சோற்றோடு எழுந்துகொள்ளப் பார்த்தார். "எங்கம்மா எந்திரிக்கிறீங்க, ரசம் ஊத்தவே இல்லையே, உக்காருங்க" என்று அக்கா கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார். மறுசோறு கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்று அந்த அம்மாவுக்குப் புரிய அந்த அதட்டல் போதுமானதாக இருந்தது.

இது புது யோசனையும் இல்லை. ஈரோட்டில் அரசு மருத்துவமனை அருகே மெஸ் நடத்திய வெங்கட்ராமன், நோயாளிகளின் துணைக்கு வந்தவர்களுக்கு டோக்கன் வழியாக ஒரு ரூபாய்க்குச் சாப்பாடு கொடுத்தது பத்திரிகைகளில் பலமுறை வந்த செய்தி. கோவை வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றுவந்ததை நாடே அறியும். கோவை சிங்காநல்லூரில் சாந்தி கியர்ஸ் நிறுவனர் பி. சுப்பிரமணியம் தொடங்கிய சாந்தி சோஷியல் சர்வீசஸ் உணவகம், ஒரு தொழிலதிபர் தன் தொழில் ஒழுங்கைச் சமையலறைக்குள் கொண்டுவந்தால் குறைந்த விலையில் தரமான உணவு தர முடியும் என்பதைக் காட்டியது. எங்கள் மதுரைக்கு ராமு தாத்தா. அண்ணா பேருந்து நிலையம் அருகே, ஆட்சியர் அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் நடந்து போகும் தூரத்தில், அறுபதுகளில் ஒன்றேகால் ரூபாய்க்குத் தொடங்கிய சாப்பாட்டைக் கடைசி வரை 10 ரூபாய்க்கு மேல் அவர் ஏற்றவில்லை. வள்ளலார் மீது அவருக்கு இருந்த பற்று அந்த விலைக்குப் பின்னால் இருந்தது. 1867இல் வடலூர் தருமச்சாலையில் மூட்டப்பட்ட அடுப்பின் தொடர்ச்சியாகவே அவர் தம் கடையைக் கண்டார். 2020இல் அவர் மறைந்தார்.

இவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் தெய்வப் பிறவிகள் என்று எழுதி முடித்துவிடுகிறோம். அப்படி எழுதுவதில் ஒரு தீங்கு இருக்கிறது. தெய்வப் பிறவி செய்ததை நாம் செய்ய முடியாது என்று மற்ற கடைக்காரர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அந்த ஒருவரின் காலம் முடிந்ததும் அந்த வேலையும் முடிந்துவிடுகிறது. ஒரு தனி மனிதர் தம் உடல் தேயும் வரை சுமந்ததை ஒரு தெருவே பங்கிட்டுக்கொள்ளும் வழி நம் வியாபாரிகளிடம் முன்பே இருந்தது. அதன் பெயர் மகமை.

தென்மாவட்ட வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விற்ற சரக்கின் மீது, மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை ஒதுக்கி உறவின்முறையின், அதாவது தம் சமூகச் சங்கத்தின், பொதுநிதியில் சேர்ப்பார்கள். லாபமா நட்டமா என்று பார்த்துக் கொடுப்பது மகமை ஆகாது. சரக்கு கைமாறிய அந்தக் கணமே மகமை கணக்கில் ஏறிவிடும். விருதுநகரில் வீட்டுக்கு வீடு பெண்கள் உலை வைக்கும்போது எடுத்து வைத்த பிடி அரிசியும், வியாபாரிகளின் மகமையும் சேர்ந்து க்ஷத்திரிய வித்யாசாலா என்ற பள்ளியை நடத்தின. அங்கே படித்த காமராசர் பின்னாளில் முதலமைச்சராகி, 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவை மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோனார். பழைய மகமை பெரும்பாலும் அந்தந்தச் சமூகத்தின் எல்லைக்குள் நின்றது. அந்த எல்லையை இன்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே தெருவில் பாய் நடத்தும் பிரியாணிக் கடையும் செட்டியாரின் மளிகையும் மருந்துக் கடையும் ஜெராக்ஸ் கடையும் ஒரே நிதியில் பணம் போட எந்தத் தடையும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். நூறு ரூபாய் விற்பனைக்குக் கால் ரூபாய் மகமை என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 20,000 ரூபாய் விற்கும் கடைக்கு 50 ரூபாய் ஆகும். ஒரு நாளைக்கு அந்தக் கடையில் வேலைசெய்பவர்கள் குடிக்கும் டீச் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். அப்படி நாற்பது கடை சேர்ந்தால் நாளொன்றுக்கு 2,000 ரூபாய். அந்தத் தெருவில் உள்ள மூன்று மெஸ்களுக்கு அதைப் பிரித்து, சாப்பாட்டுக்கு 30 ரூபாய் அடக்க விலையில் கொடுத்தால், தினமும் அறுபது பேருக்கு மேல் மதியம் சாப்பிடுவார்கள். மெஸ்காரருக்கு நட்டம் இல்லை. மற்ற கடைக்காரருக்குச் சமையல் தொல்லை இல்லை. இரண்டு விஷயங்களில் மட்டும் கண்டிப்பு வேண்டும். மகமை கடைக்காரரின் விற்பனையிலிருந்து போக வேண்டும். வாடிக்கையாளர் பில்லில் ஒரு வரியாகத் தானாக ஏறக் கூடாது. ஓட்டல்களில் சேவைக் கட்டணத்தைத் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்ன காரணம் இதற்கும் பொருந்தும்: கொடுப்பது கொடுப்பவரின் விருப்பமாக இருக்க வேண்டும். அடுத்து, பணம் கடைக்காரர் சங்கத்தின் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை வரவு செலவைக் கடைத்தெருவில் ஒட்ட வேண்டும். பொதுப்பணம் நின்றுபோவது பெரும்பாலும் திருட்டால் இல்லை, சந்தேகத்தால்; ஒட்டிய தாள் ஒன்று சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

மிச்ச உணவைப் பற்றி நான் இவ்வளவு தயங்கிப் பேசுவதற்கு இன்னொரு காரணம் பாதுகாப்பு. வடித்த சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் கொதித்த பிறகும் உயிரோடு இருக்கக்கூடும். சோற்றை வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் விட்டால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும்; மறுபடி சுட வைத்தாலும் வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு போகாது. சமைத்த உணவை 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழ் குளிராகவோ வைத்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. மதியம் வடித்து, அண்டாவில் மூடி வைத்து, இரவு பத்தரைக்குப் பொட்டலம் கட்டும் சோறு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பல மணி நேரம் இருந்திருக்கும். நாம் நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் சோற்றைத் தெருவில் படுத்திருப்பவருக்குக் கொடுப்பதற்குத் தருமம் என்று பெயர் வைக்க என்னால் முடியவில்லை. அவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் பக்கத்தில் கழிப்பறையும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை.

ஆனாலும் மிச்சமே ஆகாத கடை கிடையாது. கல்யாண மண்டபங்களில் ஆகும் மிச்சம் மிகப் பெரியது. அதை வீணாக்காமல் முறையாகக் கொண்டுசேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். 2014இல் கோவையில் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் அமைப்பு, மண்டபங்களிலிருந்து உணவை எடுத்து, தேவையுள்ள இடங்களுக்குக் கொண்டுபோகும் வேலையைப் பல ஊர்களுக்கு விரித்தது. சென்னை பெசன்ட் நகரில் 2017இல் ஈசா பாத்திமா ஜாஸ்மின் என்ற மருத்துவர் "அய்யமிட்டு உண்" என்று பெயரிட்டுப் பொதுக் குளிர்சாதனப் பெட்டி ஒன்றை வைத்தார். உபரி உணவை மீட்டுப் பகிர்வதற்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2019இல் தனி ஒழுங்குமுறைகளையே கொண்டுவந்தது. உணவின் பெயர், எங்கிருந்து வந்தது, எப்போது சமைத்தது, சைவமா அசைவமா என்பதைக் குறித்துக் கொடுக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. மண்டபக்காரர்களும் கேட்டரிங் நடத்துபவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பந்தி முடிந்த பிறகு தொலைபேசியில் ஆள் தேடுவதை விட்டுவிட்டு, முன்பணம் வாங்கும் நாளிலேயே எந்த அமைப்பு எத்தனை மணிக்கு வரும் என்பதை எழுதிக்கொள்ளலாம். கடைசிப் பந்தி உட்காரும்போதே, இலைக்குப் போகாத அண்டாவைத் தனியே மூடி அடுப்பின் சூட்டில் வைத்துவிட வேண்டும். பரிமாறும் வாளியில் மிஞ்சியது வேறு, அண்டாவில் மிஞ்சியது வேறு என்பதை நல்ல சமையல் மாஸ்டருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, 2022இல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் 60 விழுக்காடு வீடுகளிலும், 28 விழுக்காடு உணவகம் போன்ற இடங்களிலும், 12 விழுக்காடு சில்லறைக் கடைகளிலும் வீணானதாகக் கணக்கிட்டது. வீணாவதைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது ஒரு வேலை, பசியாற்றுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டால், கடை திறமையாக நடந்து மிச்சம் குறையக் குறைய ஏழைக்குக் கிடைப்பதும் குறைந்துகொண்டே போகும்.

என்னிடம் வரும் கடைக்காரர்கள் வரியைப் பற்றியும் கேட்பார்கள். பொட்டலப் பொருட்களை இலவசமாகக் கொடுத்தால் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதை) திருப்ப வேண்டியிருக்குமே என்ற பயம் சூப்பர் மார்க்கெட்காரர்களுக்கு இருக்கிறது. உண்மைதான், சட்டத்தின் 17(5) பிரிவு அன்பளிப்பாகக் கொடுத்த சரக்குக்கு அந்த வரவைத் தருவதில்லை. ஆனால் அதே பிரிவு, அழித்த சரக்குக்கும் கணக்கிலிருந்து நீக்கிய சரக்குக்கும் அந்த வரவைத் தருவதில்லை. காலாவதித் தேதிக்குப் பத்து நாள் இருக்கும் பிஸ்கட்டையும் சேமியாவையும் முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தாலும் சரி, தேதி முடிந்த பின் குப்பையில் போட்டாலும் சரி, வரி நிலைமை ஒன்றுதான். குப்பையில் போடுவதால் ஒரு பைசாவும் மிச்சமாகாது. ஐந்து விழுக்காடு வரி செலுத்தும் சாதாரண ஓட்டலுக்கு உள்ளீட்டு வரவே கிடையாது என்பதால் இந்தக் கேள்விக்கே இடம் இல்லை. வருமான வரியில் நன்கொடைக்கு உள்ள வரிச்சலுகை, பொருளாகக் கொடுத்ததற்குக் கிடைக்காது. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் ஏற்கமாட்டார்கள். எனவே மகமையை வங்கி வழியாகச் செலுத்துவதே நல்லது.

இனி மளிகைக் கடை. மளிகைக் கடைக்காரர் எதையும் இலவசமாகக் கொடுக்காமலே பெரிய உதவி செய்யலாம். தினக்கூலி வாங்கும் குடும்பம் மாதச் சாமான் வாங்குவதில்லை; அன்றன்று வாங்குகிறது. பத்து ரூபாய்க்குத் துவரம் பருப்பு, ஐந்து ரூபாய்க்குப் புளி, ஒரு குட்டிப் பாக்கெட் எண்ணெய். அந்தப் பத்து ரூபாய்ப் பருப்பை எடை போட்டு, அதன் கிலோ விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். காரில் வந்து ஐந்து கிலோ மூட்டையாக வாங்கிப் போகிறவர் கொடுத்ததைவிட அது அதிகமாக இருக்கும். இல்லாதவரே அதிக விலை கொடுக்கிறார். பருப்பு, பயறு, கடலை, முட்டை, நல்லெண்ணெய் ஆகிய நான்கைந்து பொருட்களுக்கு மட்டும், எவ்வளவு சிறிய அளவாக இருந்தாலும் மூட்டை விலைக் கணக்கிலேயே நிறுத்துக் கொடுப்பது என்று ஒரு கடைக்காரர் முடிவு செய்தால், மற்ற சாமான்களில் வரும் லாபம் அதை எளிதாகத் தாங்கும். இரத்தசோகையைப் பற்றி மேலே சொன்னேனே, அதற்குச் சொற்பொழிவைவிட இந்தத் தராசு உதவும். கடன் நோட்டும் அப்படித்தான். மழைக்காலத்தில் கட்டட வேலை நிற்கும் வாரங்களில் அந்த நோட்டுதான் பல வீடுகளின் உணவுப் பாதுகாப்பு. வாராக் கடன் வந்துவிடுமோ என்று கடைக்காரர் பயப்படுவதில் நியாயம் உண்டு. மகமை நிதியிலிருந்து அதில் ஒரு பகுதியை ஈடுசெய்வதாகச் சங்கம் உறுதி கொடுத்தால் அவர் நோட்டை மூடமாட்டார். உழவர் சந்தையிலும் மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தையிலும் சந்தை கலையும் நேரத்தில் விலை விழும் கீரையையும் தக்காளியையும், டோக்கன் போடும் மெஸ்கள் ஒன்றாகச் சேர்ந்து வாங்கிக்கொண்டால் விவசாயிக்கும் கையில் காசு வரும்.

இவ்வளவுக்கும் முன்னால், கடைக்குள்ளேயே பார்க்க வேண்டும். ஊருக்கு அன்னதானம் செய்யும் கடையில் வேலைசெய்யும் பெண் காலையில் சாப்பிடாமல் வந்திருப்பது பல முதலாளிகளுக்குத் தெரியாது. திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து, எட்டரைக்கு ஜவுளிக்கடை ஷட்டரைத் தூக்கும் பெண் ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. நாள் முழுக்க நிற்பவருக்கு இருக்கை எவ்வளவு தேவையோ, காலை உணவும் அவ்வளவு தேவை. ஓட்டலிலும் பந்தியெல்லாம் முடிந்து மூன்றரை நான்கு மணிக்கு, சாம்பார் தீர்ந்து ரசம் மட்டும் இருக்கும்போதுதான் பரிமாறியவர்கள் உட்காருகிறார்கள். ஊழியருக்குப் போடும் சாப்பாடு வியாபாரச் செலவாகவே கணக்கில் ஏறும். நான் என்னிடம் வரும் முதலாளிகளிடம் மகமை பற்றிப் பேசுவதற்கு முன் இதைத்தான் கேட்கிறேன்: உங்கள் கடையில் காலைப் பலகாரம் உண்டா? மாதக் கடைசியில் முன்பணம் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கிறீர்களா? இந்த இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால், பசியுள்ள சில குடும்பங்கள் அந்த ஒரு கல்லாவால் குறைந்துவிட்டன என்று பொருள்.

இதனால் அரசின் கடமை குறைந்துவிடாது. ரேஷன் கடையில் பருப்பு வரவில்லை என்றால் அதைக் கேட்க வேண்டியது நம் பொறுப்பு. நாற்பது கடைகள் கையெழுத்திட்ட மனுவுக்கு ஒரு தனி மனிதரின் மனுவைவிடக் கனம் உண்டு. அட்டை சொந்த ஊரில் இருக்கும் வடமாநிலத் தொழிலாளியை அருகிலுள்ள ரேஷன் கடைக்கு அழைத்துப்போய் விவரம் சொல்லிக் கொடுக்க அவரை வேலைக்கு வைத்திருக்கும் கடைக்காரரைவிடப் பொருத்தமானவர் யார்?

தொடங்க நினைக்கும் கடைத்தெருக்காரர்களுக்கு, பண்டிகை நாட்களை முதலிலேயே யோசித்துக்கொள்ளச் சொல்வேன். டோக்கன் முறை நடக்கும் இடங்களில் நான் பார்த்த ஒரே பெரிய ஓட்டை அதுதான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மாஸ்டர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள மெஸ்கள் இரண்டு மூன்று நாள் மூடிக் கிடக்கும். மருத்துவமனைக்கு விடுமுறை கிடையாது. வார்டுகளில் நோயாளிகள் இருப்பார்கள், வாசலில் அவர்களுடைய ஆட்கள் இருப்பார்கள், அந்த நாட்களில் காசு வைத்திருப்பவருக்கே சாப்பாடு கிடைப்பது கடினம். பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே எந்த நாளில் எந்த மெஸ் திறந்திருக்கும் என்று முறை போட்டு, அன்று வேலைக்கு வரும் மாஸ்டருக்கும் உதவியாளருக்கும் இரட்டைச் சம்பளத்தை மகமை நிதியிலிருந்து கொடுத்துவிடலாம். அந்த முறைப் பட்டியலின் ஒரு நகலை மருத்துவமனை வார்டுகளின் அறிவிப்புப் பலகைகளில் ஒட்டவும் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட வேண்டும்.